காவிரிப் படுகை மாணவர்களின் மடிக்கணினி: ஒரு வரலாறு

கல்லூரியில் சேரும் மாணவருக்கு எந்த மடிக்கணினி ஏற்றது என்ற கேள்விக்கு இன்று நூறு விடைகள் கிடைக்கும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்து உழவர் வீடுகளில் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்விக்கே இடம் இருக்கவில்லை. மடிக்கணினி வாங்க முடியுமா என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை பெரும்பாலும் இல்லை என்பதால், எது நல்லது என்ற அடுத்த கேள்விக்குப் போக வேண்டிய தேவை வரவில்லை. இந்நிலையை மாற்றியது 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம். மாணவர் செய்ய வேண்டிய தேர்வை அரசின் ஒப்பந்தப்புள்ளி ஆவணம் அவர் சார்பாகச் செய்தது. அது என்ன தேர்ந்தது, எது சரியாக அமைந்தது, எது பிழைத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஜூன் மாதமும் கையிருப்பும்

படுகையின் பணப்புழக்கம் நெல்லின் காலத்தைப் பின்பற்றுவது. சம்பா, தாளடி அறுவடை தை, மாசியில் முடியும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைப் போட்டுப் பணம் கைக்கு வந்ததும் கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், திருமணச் செலவு என்று அது பிரிந்துவிடும். கல்லூரி திறப்பதோ ஜூனில். அப்போதுதான் குறுவைக்கு நாற்றங்கால் விட வேண்டும். விதை, உரம், டிராக்டர் கூலி எல்லாம் அந்த மாதத்துச் செலவு. ஆண்டிலேயே கை மிகவும் இறுகியிருக்கும் நேரத்தில்தான் பிள்ளையின் சேர்க்கைக் கட்டணமும் விடுதிப் பணமும் வந்து நிற்கின்றன. மடிக்கணினி இந்த வரிசையில் கடைசி.

குறுவை நடக்கும் ஆண்டுகளுக்கே இந்தக் கணக்கு. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் ஒருமுறைகூட அந்த நாளில் அணை திறக்கப்படவில்லை. 2012-இல் செப்டம்பர் 17 அன்றுதான் தண்ணீர் விடப்பட்டது. ஆற்றுப் பாசனத்தை நம்பிய குறுவை அந்த ஆண்டு இல்லை என்றே ஆயிற்று. ஆழ்துளைக் கிணறு வைத்திருந்தோர் மட்டும் ஓரளவு தப்பினர். மடிக்கணினித் திட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டுகளும் இவையே. இரண்டும் ஒன்றாக வந்தது தற்செயல்தான். ஆனால் திட்டத்தைப் பற்றிச் சென்னையில் எழுந்த விவாதங்களுக்கும் படுகை வீடுகளில் அது பெற்ற வரவேற்புக்கும் இடையே இருந்த தூரத்தை இந்தத் தற்செயல் நன்றாக விளக்குகிறது.

நெல் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2011-12-இல் சாதாரண ரக நெல்லுக்கு ஒன்றிய அரசின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 1,080 ரூபாய். 15,000 ரூபாய் மதிப்புள்ள ஒரு மடிக்கணினி ஏறத்தாழ 14 குவிண்டால், அதாவது 40 கிலோ சிப்பத்தில் 35 சிப்பம் நெல். ஓர் ஏக்கர் நிலத்தில் நல்ல மகசூல் கண்டாலும் அதன் பெரும்பகுதியை இதற்கே கொடுக்க வேண்டும். 2025-26-இல் ஆதார விலை 2,369 ரூபாய். இன்று கல்லூரிப் பயன்பாட்டுக்கு 35,000 ரூபாயில் ஒரு கணினி வாங்கினால், அதுவும் ஏறத்தாழ அதே 15 குவிண்டால். கணினி எத்தனையோ மடங்கு வேகம் பெற்றுவிட்டது. நெல்லை வைத்து அளந்தால் விலை இறங்கவில்லை.

விலையில்லாத் திட்டம்

2011 சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. அளித்த வாக்குறுதிகளில் ஒன்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கு மடிக்கணினி. ஆட்சிக்கு வந்த முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா, அண்ணா பிறந்த நாளான 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 'இலவசம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'விலையில்லா' என்றே அரசு ஆவணங்கள் குறித்தன. ஐந்து ஆண்டுகளில் 68 லட்சம் கணினிகள், 10,200 கோடி ரூபாய் என்பது தொடக்க மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 15,000 ரூபாய். மேலே நெல் கணக்கில் எடுத்துக்கொண்ட விலை இதுவே. நடைமுறையில் 68 லட்சம் எட்டப்படவில்லை. திட்டம் 2020-ஐ ஒட்டி நின்றபோது 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டிருந்தன.

தமிழ்நாட்டில் இத்தகைய நேரடி வழங்கலுக்கு நீண்ட மரபு உண்டு. காமராசரின் மதிய உணவு, எம்.ஜி.ஆரின் 1982 சத்துணவு, 2001-இல் தொடங்கிய மிதிவண்டி ஆகியவை பிள்ளையைப் பள்ளிக்கு வரவைக்கும் ஏற்பாடுகள். மடிக்கணினி பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் நுழையும் வயதைக் குறிவைத்தது. தொடக்கத்தில் கலை அறிவியல், பொறியியல், பல்தொழில்நுட்பக் கல்லூரிகளும் பட்டியலில் இருந்தன. பின்னாளில் பெற்றோரில் பெரும்பாலானவர்கள் மேல்நிலைப் பள்ளி மாணவர்களே. அவர்கள் அந்தக் கணினியுடன் கல்லூரிக்குச் சென்றார்கள்.

எல்காட் செய்த தேர்வு

கணினிகளைத் தேர்ந்து கொள்முதல் செய்யும் பொறுப்பு தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட்டிடம் இருந்தது. முதல் கட்டக் கணினிகளில் 2 ஜி.பி. நினைவகமும் 320 ஜி.பி. வன்தட்டும் இருந்தன. அன்றைய சந்தையில் இவை நடுத்தர அளவு. படம் தொகுக்கவோ கனமான விளையாட்டுக்கோ போதாது. கட்டுரை எழுத, கணக்குத்தாள் போட, நிரல் பழக, இணையம் பார்க்கப் போதும். பல ஆண்டுகளில் பல நிறுவனங்கள் வழங்கின, ஏசர், எச்.சி.எல்., லெனோவோ பெயர்கள் பரவலாக நினைவில் உள்ளவை. மேல் மூடியில் அரசின் அடையாளமும் முதலமைச்சரின் படமும் இருக்கும். அந்தப் படத்தைப் பற்றி நிறையக் கேலி எழுந்தது. ஆனால் கணினி கைமாறி விற்கப்படுவதைக் கொஞ்சமாவது தடுத்தது அந்த மூடிதான் என்பதையும் சொல்ல வேண்டும். முழுமையாகத் தடுக்கவில்லை, பழைய பொருள் கடைகளில் இவை தென்பட்டதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது இயங்குதளம். எல்காட்டுக்குக் கட்டற்ற மென்பொருளுடன் ஏற்கெனவே உறவு உண்டு. 2007 வாக்கில் அதன் நிருவாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியவர். மேல்நிலைக் கணினி அறிவியல் பாடநூலும் அந்தக் காலத்தில் ஸ்டார் ஆபீசைக் கொண்டே கற்பித்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்சு 2007-இல் வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இடைமுகம் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. திட்டக் கணினிகளில் விண்டோசுடன் இந்த பாஸ் லினக்சும் நிறுவப்பட்டு வந்தது. இயக்கியதும் எதற்குள் போக வேண்டும் என்று கணினி கேட்கும்.

மாணவர்களில் பெரும்பாலோர் விண்டோசையே தேர்ந்தனர். லினக்சைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் அரிது. ஊர்க் கணினி மையத்துக்காரருக்கும் அது பழக்கமில்லை. வட்டில் இடம் போதவில்லை என்று அந்தப் பகுதியை அழித்துவிட்டவர்களும் உண்டு. கணினியைத் தேர்ந்தவர்கள் அதைக் கற்பிக்கப் போகிறவர்களைத் தயார்ப்படுத்தவில்லை. திட்டத்தின் பெரிய குறை இது என்றே தோன்றுகிறது. படத்தையும் அரசியலையும் பற்றிய கூச்சலில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

மின்வெட்டுக் காலம்

திட்டம் தொடங்கிய அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் மின் பற்றாக்குறை உச்சத்தைத் தொட்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே ஊரகப் பகுதிகளில் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் உண்டு. மேசைக் கணினி இந்த நிலையில் வெறும் பெட்டி. மடிக்கணினிக்கு மட்டுமே பொருள் இருந்தது, அதுவும் அதன் பேட்டரி தாங்கும் வரை. மின்சாரம் வரும் நேரம் பார்த்து ஏற்றி வைத்துக்கொண்டு, போன பின் எழுதுவது அந்தக் காலத்து மாணவர்களின் வழக்கம். திரையின் வெளிச்சத்தில் பாடப் புத்தகம் படித்தவர்களும் உண்டு. மடிக்கணினி தேர்வில் பேட்டரியின் முதன்மையைப் படுகை மாணவர்கள் கற்றது விளம்பரத்தைப் பார்த்து அல்ல.

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இதே பாடத்தைக் கடுமையாகத் திருப்பிச் சொன்னது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு, திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்து, பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. ஜெனரேட்டர் வைத்தவரிடம் பணம் கொடுத்துக் கைப்பேசிக்கு மின்னேற்றிய நாட்கள் அவை.

கைக்கணினியா, மடிக்கணினியா

தமிழ்நாடு மடிக்கணினியைத் தொடங்கி மூன்று வாரங்களுக்குள், 2011 அக்டோபர் 5 அன்று ஒன்றிய அரசு 'ஆகாஷ்' கைக்கணினியை வெளியிட்டது. ஏழு அங்குலத் தொடுதிரை, உலகின் மிக மலிவான கைக்கணினி என்ற அறிவிப்பு, உலகெங்கும் செய்தி. விலையில் தமிழ்நாட்டின் மடிக்கணினியோடு ஒப்பிட்டால் ஆகாஷ் சில மடங்கு குறைவு. ஆனால் திரை மந்தம், பேட்டரி சில மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்ற புகார்கள் உடனே கிளம்பின. சில ஆண்டுகளில் ஆகாஷ் பேச்சிலிருந்தே மறைந்தது. 2013 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தில் அகிலேஷ் யாதவ் அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கியதும் மடிக்கணினியைத்தான்.

விசைப்பலகைதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. கைக்கணினி பார்ப்பதற்கும் படிப்பதற்கும் வசதியானது. இருபது பக்கத் திட்ட அறிக்கையை அதில் எழுதுவது தண்டனை. நிரல் எழுதுவது அதைவிடக் கடினம். பள்ளிப் பிள்ளைக்குக் கைக்கணினி போதலாம். கல்லூரி மாணவர் எழுதியாக வேண்டும்.

கணினி கொடுத்தால் மட்டும் கல்வி உயர்ந்துவிடாது என்ற எச்சரிக்கையும் அதே ஆண்டுகளில் வெளிவந்தது. பெரு நாட்டில் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தை ஆராய்ந்த அமெரிக்கக் கண்டங்களுக்கிடையிலான வளர்ச்சி வங்கியின் 2012 ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் மாணவர் மதிப்பெண்ணில் முன்னேற்றம் தென்படவில்லை என்றது. பெருவில் கொடுக்கப்பட்டது தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. பதினேழு வயதில் பெறும் தமிழ்நாட்டு மாணவரின் தேவை வேறு. கணினித் திறன் என்பதே அவருக்கு வேலைக்கான தகுதி. எனினும் பெருவின் பட்டறிவு ஆசிரியர் பயிற்சியைப் பற்றி மேலே சொன்ன குறையை உறுதி செய்கிறது.

தமிழில் எழுதுவது

தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் ஒரு செப்டம்பர் 15-இல்தான், 1981-இல். மடிக்கணினித் திட்டத்துக்குச் சரியாக முப்பது ஆண்டு முந்தியது. தமிழ் இலக்கியமும் வரலாறும் படிக்கும் மாணவர் நிறைந்த இந்த வட்டாரத்தில் கணினியில் தமிழ் எழுதுவது சிறிய செய்தி அல்ல.

அதற்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டின் பயனாகத் தமிழ் 99 விசைப்பலகை வகுக்கப்பட்டது. 2010-இல் கோவை செம்மொழி மாநாட்டையொட்டி ஒருங்குறியைத் தரமாக ஏற்று அரசாணை வந்தது. ஆனால் கும்பகோணம், மன்னார்குடித் தெருக்களின் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் பழைய தட்டச்சு முறையே நடந்தது. அச்சகங்களும் அலுவலகங்களும் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களில் வேலை செய்தன. மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழைப் பெறும் வழிக்குப் போனார்கள். இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் அவ்வழியில் துணைநின்ற கட்டணமில்லா மென்பொருள்கள். இன்று விண்டோசிலும் லினக்சிலும் தமிழ் 99 உள்ளமைந்தே கிடைக்கிறது. இரண்டு வாரம் பழகினால் போதும். தமிழில் ஆய்வேடு எழுதப் போகிறவர் முதலாமாண்டிலேயே இதைப் பழகுவது நல்லது.

தேக்கமும் நிறுத்தமும்

2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா காலமான பின்னும் திட்டம் நடந்தது, ஒழுங்கு குலைந்தது. 2017-18-இல் மேல்நிலை முடித்தவர்களில் பலருக்குக் கணினி கிடைக்கவில்லை. அவர்களுக்கு அடுத்து வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது. 2019-இல் முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த பள்ளிகளின் வாசலில் கூடிப் போராடினார்கள். கல்லூரியில் இரண்டாமாண்டுக்கு வந்துவிட்ட பிள்ளை பள்ளி வாசலில் உட்கார வேண்டியிருந்தது. ஒருபுறம் இப்படி இருக்க, மறுபுறம் வழங்கப்படாத கணினிகள் தேங்கி, உத்தரவாதக் காலம் முடிந்து போனதைத் தணிக்கைத் துறை பின்னர்ச் சுட்டியது. பெட்டியிலேயே கிடந்தாலும் பேட்டரி முதுமையடையும்.

கொரோனா ஊரடங்கில் வகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது மடிக்கணினித் திட்டம் நின்றுபோயிருந்தது. பெரும்பாலோர் கைப்பேசியிலேயே படித்தார்கள். 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு தரும் அட்டைகளை 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களுக்கு அரசு அறிவித்தது. கணினி இருந்த காலத்தில் இணையம் இல்லை. இணையம் வந்த காலத்தில் கணினி இல்லை.

இரண்டாம் முறை

2025 மார்ச் 14 அன்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்றது. முதற்கட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய். ஆகாசுக்குப் பதினான்கு ஆண்டு கழித்து அதே கேள்வி மறுபடி எழுந்து, மடிக்கணினி என்றே மறுபடியும் முடிந்தது. எல்காட் கேட்ட அமைப்பு: ஐ3 அல்லது ரைசன் 3 செயலி, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 14 அல்லது 15.6 அங்குலத் திரை, விண்டோஸ் 11-உடன் பாஸ் லினக்சு. 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 2026 ஜனவரி 5 அன்று சென்னையில் வழங்கலைத் தொடங்கினார். டெல், ஏசர், எச்.பி. நிறுவனங்களின் கணினிகள் வந்தன.

சொந்தப் பணத்தில் வாங்குவோருக்கும் இந்தப் பட்டியல் நல்ல அளவுகோல். தஞ்சை சரபோசி கல்லூரியிலோ கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியிலோ கலை, வணிகவியல், அறிவியல் படிப்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை. பைத்தான், சி++ பழகவும் இதுவே போதும். எடை கொஞ்சம் முக்கியம். பேருந்தில் நின்றுகொண்டு தினமும் வருபவருக்கு 15.6 அங்குலத்தைவிட 14 அங்குலம் தோளுக்கு இதம். இயந்திரவியல், கட்டடவியல், கட்டடக்கலை மாணவர் வரைவு மென்பொருளை ஓட்ட 16 ஜி.பி. நினைவகமும் வலுவான செயலியும் பார்க்க வேண்டும். ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரி போன்ற இடங்களில் செயற்கைக்கோள் படங்களையும் நிலவரைபடங்களையும் கையாள்பவருக்கும் அப்படியே. வாங்குமுன் இரண்டு கேள்விகளைக் கடையில் கேட்க வேண்டும்: நினைவகத்தைப் பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா, பழுது பார்க்கும் மையம் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கிறதா. வேதாரண்யத்து மாணவர் ஒரு கீல் உடைந்ததற்காகச் சென்னை போக முடியாது. உப்புக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் கணினியை உறையிலிட்டு வைப்பதும் செலவில்லாத காப்பு. மாதத் தவணையில் வாங்கும் வீடுகள், தவணைத் தொடக்கத்தைக் குறுவை விதைப்பு மாதங்களில் வைக்காமல் இருந்தால் நெருக்கடி குறையும்.

பழைய அரசு கணினி வீட்டில் கிடந்தால் அதை முதலில் திறந்து பார்க்கலாம். 320 ஜி.பி. சுழலும் வட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. போட்டால் பத்தாண்டுப் பழைய கணினியும் எழுத்து வேலைக்கு எழுந்து நடக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தப் பழைய செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. 2 ஜி.பி., 4 ஜி.பி. நினைவகத்தில் இன்றும் பாதுகாப்புத் திருத்தங்களோடு ஓடக்கூடியது எடை குறைந்த லினக்சுதான். இடம் போதவில்லை என்று பலர் அழித்த அந்த இரண்டாவது இயங்குதளத்தின் வழிவந்தவை, நினைவுக்கோலில் ஏற்றி அரை மணி நேரத்தில் நிறுவக்கூடியவையாக இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.